இரண்டு திரை, ஒரே டெஸ்க்டாப்: லினக்ஸ்காரர்களுக்கு 30 குறிப்புகள்

பல வீடுகளில் பரண் மேல் ஒரு பழைய மானிட்டர் சும்மா கிடக்கும். அதன் சிபியு பெட்டி என்றைக்கோ பழைய இரும்புக்குப் போயிருக்கும். மானிட்டரைப் போட மட்டும் மனம் வந்திருக்காது. அதை இறக்கித் துடைத்து, லினக்ஸ் ஓடும் மடிக்கணினியோடு சேர்த்துவிட்டால் வேலை பாதியாகும். ஒரு திரையில் கரன்ட் பில், இன்னொன்றில் கணக்குத் தாள். ஒன்றில் பாட வீடியோ, இன்னொன்றில் நோட்டு.

சேர்ப்பதற்கு முன் ஒன்றை மனதில் வையுங்கள். கேபிளின் மறுமுனையில் எந்த மானிட்டர், எவ்வளவு பெரியது என்பதெல்லாம் கணினிக்குத் தெரிந்துவிடும். அந்த மானிட்டர் உங்கள் மேசையில் இடப்பக்கம் இருக்கிறதா, வலப்பக்கமா, எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது அதற்குத் தெரியவே தெரியாது. அதை நாம்தான் சொல்ல வேண்டும். கீழே வரும் குழப்பங்களில் பாதி, அதைச் சொல்லாமல் விடுவதால் வருபவை.

என்னிடம் இருப்பது 15.6 அங்குல மடிக்கணினி (1366×768 புள்ளிகள்), 21.5 அங்குல மானிட்டர் (1920×1080), லினக்ஸ் மின்ட் சின்னமன். மெனுப் பெயர்களை அதை வைத்தே சொல்கிறேன். குனோம், கேடிஈ வேறுபடும் இடங்களில் தனியாகக் குறிப்பிடுகிறேன்.

வாங்குவதற்கு முன்

1. முதலில் இரண்டின் பின்பக்கத்தையும் பாருங்கள். நீல நிறத்தில் மூன்று வரிசையாக 15 துளை இருந்தால் விஜிஏ. வெள்ளையாக அகலமாக இருந்தால் டிவிஐ. தட்டையாக, கீழ் மூலைகள் இரண்டும் சரிந்திருந்தால் எச்டிஎம்ஐ. ஒரே ஒரு மூலை மட்டும் வெட்டியிருந்தால் டிஸ்ப்ளேபோர்ட். இரு பக்கமும் ஒரே பெயர் இருந்தால் கேபிள் மட்டும் போதும். செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். வாயால் விளக்குவதைவிட அது சுலபம்.

2. மடிக்கணினியில் உள்ள எச்டிஎம்ஐ வாசல் படத்தை வெளியே அனுப்ப மட்டும்தான், உள்ளே வாங்காது. தமிழக அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த பழைய மடிக்கணினி ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. அதையே இரண்டாவது திரையாக்கலாம் என்று கேபிளை இரண்டுக்கும் நடுவே சொருகிவிட்டு ஒரு மாலை முழுக்க முழித்தேன். இரண்டும் பேசும், எதுவும் கேட்காது.

3. ஒரு முனையில் ஒன்று, மறுமுனையில் இரண்டு எனப் பிரியும் ஸ்ப்ளிட்டர் வாங்காதீர்கள். அது ஒரே படத்தை இரண்டு இடத்தில் காட்டும். விரிந்த டெஸ்க்டாப் வேண்டுமென்றால் கணினியிலிருந்து இரண்டு தனித் தனி படம் வெளியே வர வேண்டும்.

4. மாற்றிகளுக்குத் திசை உண்டு. கணினியில் டிஸ்ப்ளேபோர்ட், மானிட்டரில் எச்டிஎம்ஐ என்றால் விலை குறைந்த சாதாரண மாற்றியே பெரும்பாலும் போதும். கணினியில் எச்டிஎம்ஐ, மானிட்டரில் டிஸ்ப்ளேபோர்ட் என்றால் உள்ளே சிப் வைத்து, தனியே யுஎஸ்பி மின்சாரம் வாங்கும் மாற்றிதான் வேலை செய்யும். "ரெண்டு பக்கமும் ஓடும் சார்" என்று ஒரு கடையில் சொன்னதை நம்பி வாங்கியது இன்னும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. கடைக்காரரிடம் "கணினியில் இது, மானிட்டரில் அது" என்று திசையோடு சொல்லிக் கேளுங்கள்.

5. யுஎஸ்பி-சி வாசல் எல்லாவற்றிலும் படம் வராது. பக்கத்தில் டிஸ்ப்ளேபோர்ட் சின்னமோ தண்டர்போல்ட் மின்னல் சின்னமோ இருந்தால் நம்பலாம். இல்லாவிட்டால் மடிக்கணினியின் மாடல் எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். டாக் (ஒரே கேபிளில் பல வாசல்களைத் தரும் பெட்டி) வாங்கும்போது அது டிஸ்ப்ளேலிங்க் சிப்பில் ஓடுவதா என்று கேளுங்கள். அந்த வகைக்கு லினக்ஸில் தனியாக டிரைவர் நிறுவ வேண்டும். கெர்னல் மாறும்போது அதுவும் சேர்ந்து மாறாவிட்டால் திரை வராது. படத்தை நேராக அனுப்பும் வகை டாக்குகளில் இந்தத் தலைவலி இல்லை.

6. வாசல் மூன்று இருந்தால் திரையும் மூன்று ஓடும் என்று கணக்குப் போடாதீர்கள். கிராபிக்ஸ் சிப்புக்குள் படத்தை ஊட்டும் குழாய்கள் இத்தனை என்று கணக்கு உண்டு. அந்தக் குழாய்க்கு சிஆர்டிசி என்று பெயர். இன்டெல் இரண்டாம் தலைமுறை (2011) சிப்புகளில் ஒரே நேரத்தில் இரண்டு திரைதான். மடிக்கணினியின் சொந்தத் திரையும் அந்த இரண்டில் ஒன்று. 2012இல் வந்த மூன்றாம் தலைமுறையிலிருந்து மூன்று ஓடும். அதிலும் எல்லா வாசல் கூட்டணியும் ஒத்துவராது. மூன்றாவதைச் சேர்க்கும்போது சிஆர்டிசி பற்றி ஏதாவது பிழைச் செய்தி வந்தால், கேபிளைக் குறை சொல்லாதீர்கள். மடிக்கணினித் திரையை அணைத்துப் பாருங்கள். மற்ற இரண்டும் எழுந்துகொள்ளலாம்.

7. 4கே மானிட்டர் வாங்கினால் கணினியின் எச்டிஎம்ஐ எந்தப் பதிப்பு என்று பாருங்கள். 1.4 பதிப்பில் 4கே படம் நொடிக்கு 30 தடவைதான் புதுப்பிக்கப்படும். மவுஸை நகர்த்தினால் விட்டு விட்டுத் தாவும். 60 தடவைக்கு 2.0 பதிப்பு வேண்டும். பழைய கணினிக்கு 1920×1080 மானிட்டரே நிம்மதி.

8. இன்னும் லினக்ஸ் நிறுவவில்லையா? மின்டையோ உபுண்டுவையோ பென்டிரைவில் ஏற்றி, நிறுவாமலே ஓட்டிப் பாருங்கள். இரண்டு மானிட்டரும் அதிலேயே எரிந்தால், நிறுவிய பிறகும் பெரும்பாலும் எரியும். என்விடியா அட்டை இருந்தால் மட்டும், நிறுவிய பிறகு டிரைவர் மேனேஜரைத் திறந்து அது பரிந்துரைக்கும் டிரைவரைப் போட வேண்டியிருக்கலாம்.

இணைக்கும்போது

9. மேசைக் கணினியில் தனி கிராபிக்ஸ் அட்டை இருந்தால் இரண்டு கேபிளையும் அந்த அட்டையிலேயே சொருகுங்கள். ஒன்றை அட்டையிலும் இன்னொன்றை மதர்போர்டு வாசலிலும் சொருகினால், பல கணினிகளில் மதர்போர்டு வாசல் செத்துக் கிடக்கும். அட்டையில் இடமே இல்லை என்றால் பயாஸுக்குள் போய், உள்ளமைந்த கிராபிக்ஸையும் சேர்த்து ஓட்டும் அமைப்பு இருக்கிறதா என்று தேடுங்கள்.

10. விஜிஏ மானிட்டர் 1024×768க்கு மேல் போக மறுக்கிறதா? கேபிளைக் கழற்றி முனையைப் பாருங்கள். மானிட்டர் தன்னைப் பற்றிய விவரத்தை 128 பைட் அளவுள்ள ஒரு சிறு குறிப்பாகக் கணினிக்கு அனுப்புகிறது. ஈடிஐடி என்பது அதுதான். விஜிஏயில் அது 12ஆம், 15ஆம் பின்கள் வழியே போகிறது. அந்தப் பின்களில் ஒன்று ஒடிந்திருந்தாலோ, மலிவான கேபிளில் வைக்கப்படாமலே விட்டிருந்தாலோ மானிட்டர் ஊமையாகிவிடும். கணினியும் பாதுகாப்பாக ஒரு சின்ன அளவைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்கும். 9ஆம் பின் இல்லாதது பல கேபிள்களில் சகஜம். அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள்.

11. விஜிஏயில் எழுத்து கலங்கலாகவோ ஒரு பக்கம் தள்ளியோ தெரிந்தால், லினக்ஸில் எதையும் தொடாதீர்கள். எழுத்து நிறைந்த ஒரு பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மானிட்டரில் உள்ள 'ஆட்டோ' பட்டனை ஒரு தடவை அழுத்துங்கள். சில நொடியில் சரியாகும்.

12. டிவியை இரண்டாவது திரையாக்கினால் நான்கு ஓரமும் வெட்டுப்பட்டு, கீழே உள்ள பேனல் பாதி மறையலாம். கோளாறு டிவியில். அதன் பட அமைப்பில் 'ஜஸ்ட் ஸ்கேன்', 'ஸ்கிரீன் ஃபிட்', '1:1' என்று ஏதாவது ஒரு பெயரில் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். அந்த எச்டிஎம்ஐ வாசலுக்கு 'பிசி' என்று பெயர் வைத்தாலே சில டிவிகளில் சரியாகிவிடும்.

ஒரே டெஸ்க்டாப்பாக்க

13. கேபிளைச் சொருகியதும் இரண்டிலும் ஒரே படம் தெரிந்தால் அது மிரர். சூப்பர் விசையை (விண்டோஸ் சின்னம் போட்ட விசை) அழுத்திக்கொண்டு 'பி' தட்டினால் ஒவ்வொரு முறையும் ஏற்பாடு மாறும்: இரண்டிலும் ஒரே படம், விரிந்த டெஸ்க்டாப், ஒன்று மட்டும். அவசரத்துக்கு இது போதும். நிரந்தரமாக அமைக்க மெனுவில் 'டிஸ்ப்ளே' திறந்து 'மிரர்' குறியை எடுத்துவிடுங்கள். குனோமில் 'ஜாயின்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

14. இனிதான் முக்கியமான வேலை. எங்கள் வீட்டில் மானிட்டர் மடிக்கணினிக்கு இடப்பக்கம் இருந்தது. கணினியோ அதை வலப்பக்கம் இருப்பதாக எடுத்துக்கொண்டது. "மவுஸ் நடுவுல முட்டுதுப்பா" என்றாள் மகள். நான் கவனிக்கவில்லை. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், இடப்பக்கத் திரைக்குப் போக மவுஸை வலப்பக்கம் தள்ளப் பழகியிருந்தாள்! டிஸ்ப்ளே பக்கத்தில் இரண்டு பெட்டிகள் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு மானிட்டர். எந்தப் பெட்டி எந்தத் திரை என்று பெயர் பார்த்து உறுதிசெய்துகொண்டு, மேசையில் எப்படி இருக்கிறதோ அப்படியே பெட்டியை இழுத்து வையுங்கள். மேலும் கீழுமாக வைத்திருந்தால் பெட்டியும் மேலும் கீழுமாக.

15. பக்கம் சரியானால் போதாது. உயரமும் சரியாக வேண்டும். என் மானிட்டர் 1080 புள்ளி உயரம், மடிக்கணினி 768. வித்தியாசம் 312. பெட்டிகளின் மேல் விளிம்பை ஒட்டி வைத்தால் மானிட்டரின் அடியில் 312 புள்ளி உயரத்துக்கு வாசல் கிடையாது. மவுஸ் அங்கே சுவரில் முட்டும். மடிக்கணினி மேசையில் தாழ்வாக இருக்கும் என்பதால் கீழ் விளிம்பை ஒட்டி வைப்பதே பெரும்பாலும் சரி. நுணுக்கமாக வேண்டுமா? என் இரண்டு திரையிலும் அங்குலத்துக்குச் சுமார் 100 புள்ளி. அடி ஸ்கேலை வைத்து அளந்து, ஒரு திரையின் கீழ் விளிம்பு மற்றதைவிட ஓர் அங்குலம் தாழ்ந்திருந்தால் பெட்டியையும் 100 புள்ளி அளவுக்குக் கீழே இறக்கினேன்.

16. சரியாக அமைந்ததா என்று பார்க்க ஒரு ரசமட்டம்: ஏதாவது ஒரு விண்டோவை, பாதி இந்தத் திரையிலும் பாதி அந்தத் திரையிலும் வரும்படி இழுத்து நிறுத்துங்கள். அதன் தலைப்புப் பட்டை இரண்டு திரையிலும் ஒரே மட்டத்தில் ஓட வேண்டும். படிக்கட்டு மாதிரி இறங்கினால் பெட்டியைக் கொஞ்சம் ஏற்றி இறக்குங்கள். இரண்டு மூன்று முயற்சியில் கோடு நேராகிவிடும். மவுஸ் அதன் பிறகு ஒரே பாயில் ஓடுவது போலத் தடையில்லாமல் ஓடும்.

17. எந்தத் திரைக்கு நேராக உட்காருகிறீர்களோ அதை 'பிரைமரி' ஆக்குங்கள். மெனு, கடிகாரம், அறிவிப்புகள் அங்கே வரும். நாள் முழுக்கக் கழுத்தைத் திருப்பிப் பார்க்கும் திரை பிரைமரியாக இருக்கக் கூடாது. பிரைமரி திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்திலோ சற்றுக் கீழோ இருக்கட்டும். மானிட்டர் உயரம் போதாவிட்டால் பழைய தடிமனான பாடப் புத்தகங்கள் இரண்டு போதும்.

18. 'அப்ளை' கொடுத்ததும் "இந்த அமைப்பு இருக்கட்டுமா?" என்று ஒரு கேள்வி வரும். திரை இருண்டுவிட்டால் பதறி எதையும் தட்டாதீர்கள். கையைக் கட்டிக்கொண்டு காத்திருங்கள். பதில் வராவிட்டால் பழைய அமைப்பே தானாகத் திரும்பிவிடும். குனோமில் இதற்கு 20 நொடி.

19. ஒரு திரை சாதாரணம், இன்னொன்று 4கே என்றால் எழுத்து ஒன்றில் கொழுத்தும் ஒன்றில் எறும்பாகவும் தெரியும். லினக்ஸ் திரையில் விண்டோக்களைக் காட்ட இரண்டு முறைகள் உண்டு. திரைக்குத் திரை வேறு அளவு வைப்பது 2008இல் தொடங்கிய வேலண்ட் முறையில் சுலபம். 1987இல் வந்த எக்ஸ்11 முறையில் எல்லாத் திரையும் சேர்ந்து ஒரே பெரிய பலகை என்பதால், ஓர் அளவைத்தான் நன்றாகச் செய்யும். குனோமில் நுழையும்போது கடவுச்சொல் பக்கத்தில் தெரியும் பல்சக்கரத்தைத் தட்டினால், இரண்டும் நிறுவப்பட்டிருக்கும் பட்சத்தில் எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். சின்னமன் வழக்கமாக எக்ஸ்11இல் ஓடுகிறது. அதில் நிம்மதி வேண்டுமென்றால் புள்ளி அடர்த்தி ஒத்த மானிட்டர்களாகச் சேருங்கள்.

20. 125%, 150% என்று பின்ன அளவு வைத்தால் தமிழ் எழுத்தை வைத்துச் சோதியுங்கள். ஆங்கிலம் தெளிவாகத் தெரிகிற இடத்திலும் தமிழ்ப் புள்ளி மங்கிவிடும். 'பட்டம்', 'கண்ணன்', 'ரா', 'தீர்ப்பு' என்று தட்டி, வழக்கமாக உட்காரும் தூரத்திலிருந்து பாருங்கள். மெய்யின் புள்ளி தெரியவில்லை, ரகரமும் காலும் ஒன்றாகத் தெரிகின்றன என்றால் அளவை 100%க்கே திருப்பிவிட்டு எழுத்துரு அளவை மட்டும் கூட்டுங்கள். பல நேரம் அதுவே போதும்.

21. நீளமான ஆவணம் படிப்பவர்கள் இரண்டாவது மானிட்டரை நெட்டுக்குத்தாகத் திருப்பலாம். டிஸ்ப்ளே பக்கத்தில் 'ரொட்டேஷன்' மாற்றினால் படமும் திரும்பும். ஒரு ஏ4 பக்கம் முழுசாக, ஸ்க்ரோல் இல்லாமல் தெரியும். எழுத்தின் ஓரத்தில் சிவப்பு, நீலச் சாயம் தெரிந்தால் எழுத்துரு அமைப்பில் 'சப்பிக்சல்' என்பதை 'கிரேஸ்கேல்' ஆக்குங்கள். சப்பிக்சல் முறை வண்ணக் கோடுகள் பக்கவாட்டில் அடுக்கியிருப்பதாக நினைத்து எழுத்தைத் தீட்டுகிறது. மானிட்டரைத் திருப்பினால் அந்தக் கணக்கு தவறிவிடும்.

22. இரண்டாவது திரையிலும் பேனல் வேண்டுமென்றால் சின்னமனில் பேனல் மீது வலது கிளிக் செய்து புதிதாக ஒன்று சேர்க்கலாம். தானாக மறையும் பேனலை இரண்டு திரையும் சேரும் விளிம்பில் மட்டும் வைக்காதீர்கள்; மவுஸ் கடந்து போகும்போதெல்லாம் எட்டிப் பார்த்துத் தொந்தரவு செய்யும். இரண்டு திரைக்கும் ஒரே படம் விரிய வேண்டுமா? பின்னணிப் பட அமைப்பில் 'ஸ்பேன்ட்' தேர்ந்தெடுங்கள். என் கணக்கில் 1920 + 1366 = 3286 அகலம், 1080 உயரம் உள்ள படம் வேண்டும். குடும்பப் படம் போட்டால் யாருடைய முகமும் நடுச் சட்டத்தில் விழாமல் பாருங்கள்!

23. "எக்ஸார்க் அமைப்புக் கோப்பைக் கையால் திருத்து, ஜினெராமாவை இயக்கு" என்று யாராவது சொன்னால் அது பழைய காலத்து வைத்தியம். பல திரைகளை ஒன்றாக்கும் ஜினெராமா, மூன்று புரொஜெக்டரில் படம் காட்டிய சினெராமாவின் பெயரை ஒட்டி வந்தது. 2000இல் எக்ஸ்ஃப்ரீ86இன் 4.0 பதிப்போடு லினக்ஸ்காரர்கள் கைக்கு வந்தது. கோப்பில் ஒரு எழுத்து தவறினாலும் திரையே வராது. 2007இல் வந்த ரேண்டர் 1.2 என்ற எக்ஸ்11 நீட்டிப்பு அந்த வேலையை மிச்சப்படுத்தியது. கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே திரையைச் சேர்க்கலாம், எடுக்கலாம். இன்றைய டிஸ்ப்ளே பக்கம் எக்ஸ்11இல் அதன் மேல்தான் நிற்கிறது. சாதாரண வீட்டு உபயோகத்துக்கு அந்தக் கோப்பைத் தொடவே தேவையில்லை.

அன்றாடப் பயன்பாட்டில்

24. விண்டோவை மவுஸால் இழுத்துக்கொண்டு இருக்காதீர்கள். ஷிப்ட், சூப்பர் இரண்டையும் அழுத்திக்கொண்டு இடது அல்லது வலது அம்பைத் தட்டினால் விண்டோ அடுத்த திரைக்குத் தாவும். சின்னமனிலும் குனோமிலும் இதே விசைகள். முழுத் திரை ஆக்க வேண்டியதை முதலில் அந்தத் திரைக்குத் தாவ வைத்துவிட்டுப் பெரிதாக்குங்கள்.

25. மானிட்டரைச் சொருகியதும் பாட்டு நின்றுவிட்டதா? சத்தம் எச்டிஎம்ஐ வழியே ஸ்பீக்கர் இல்லாத மானிட்டருக்குப் போயிருக்கும். சவுண்ட் அமைப்பில் 'அவுட்புட்' என்ற இடத்தில் மடிக்கணினி ஸ்பீக்கரைத் திரும்பத் தேர்ந்தெடுங்கள்.

26. பிரிண்ட் ஸ்கிரீன் விசை இரண்டு திரையையும் சேர்த்து ஒரே நீளப் படமாக எடுக்கலாம்; கணினிக்கு அது ஒரே டெஸ்க்டாப் அல்லவா? ஒரு விண்டோ மட்டும் வேண்டுமென்றால் ஆல்ட் விசையோடு சேர்த்து அழுத்துங்கள். ஆன்லைன் கூட்டத்தில் திரையைப் பகிரும்போதும் 'முழுத் திரை' கொடுக்காமல் ஒரு விண்டோவைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்துத் திரையில் திறந்திருக்கும் வங்கிப் பக்கத்தை ஊருக்குக் காட்ட வேண்டாம்.

27. மடிக்கணினியின் வெளிச்ச விசை வெளி மானிட்டரை மாற்றாது. மானிட்டரின் சொந்த மெனுவில் டிடிசி/சிஐ என்பதை இயக்கிவிட்டு 'டிடிசியுடில்' என்ற நிரலை நிறுவினால் கணினியிலிருந்தே மாற்றலாம். கேடிஈயின் புதிய பதிப்புகளில் இந்த வசதி கூடவே வருகிறது. நிறம் ஒத்துப்போக எளிய வழி: இரண்டு திரையிலும் வெற்று வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, நடுவில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். எது நீலமாக, எது மஞ்சளாகத் தெரிகிறது என்பது உடனே பிடிபடும். மானிட்டர் மெனுவில் 6500கே அல்லது 'வார்ம்' வைத்துப் பாருங்கள்.

28. கரன்ட் போகும் நேரத்தை நினைத்து யுபிஎஸ்ஸில் கணினியையும் பிரைமரி மானிட்டரையும் மட்டும் இணையுங்கள். இரண்டாவதைச் சாதாரண பிளக்கில் விடுங்கள். பேட்டரி கூடுதல் நேரம் நிற்கும். ஒரு விசித்திரம் தெரிந்திருக்கட்டும். எச்டிஎம்ஐ, விஜிஏ மானிட்டர் அணைந்தாலும் கணினிக்குப் பெரும்பாலும் தெரியாது. இருண்ட திரையிலேயே விண்டோ நின்றுகொண்டிருக்கும். டிஸ்ப்ளேபோர்ட் மானிட்டரை அணைத்தால் பல சமயம் கேபிளையே கழற்றியது போலாகி, விண்டோக்கள் எல்லாம் மற்ற திரைக்கு ஓடிவந்துவிடும். மடிக்கணினியின் மூடியை மூடிவிட்டு வெளி மானிட்டரில் மட்டும் வேலை செய்ய விரும்பினால், சின்னமனின் பவர் மேனேஜ்மென்டில் வெளி மானிட்டர் இருக்கும்போதும் உறங்கச் சொல்லும் குறியை எடுத்துவிடுங்கள்.

தகராறு செய்தால்

29. நிரல் திறந்திருக்கிறது, விண்டோவைக் காணோம் என்றால் அது இப்போது இல்லாத திரையில் நிற்கிறது. ஆல்ட்-டேப் அழுத்தி அதைத் தேர்ந்தெடுத்து, ஆல்ட்-எஃப்7 தட்டி அம்பு விசையால் நகர்த்துங்கள். எங்கிருந்தோ தலையை நீட்டும். திரையே முழுக்க இருண்டுவிட்டால் முதலில் சூப்பர்-பி. அதற்கும் அசையாவிட்டால் கன்ட்ரோல்-ஆல்ட்-எஃப்3 அழுத்துங்கள். கறுப்புத் திரையில் பெயர், கடவுச்சொல் கேட்கும். நுழைந்து, உங்கள் வீட்டுக் கோப்புறைக்குள் மறைந்திருக்கும் 'டாட் கான்ஃபிக்' கோப்புறையில் 'சின்னமன்-மானிட்டர்ஸ்' என்ற எக்ஸ்எம்எல் கோப்பின் பெயரை மாற்றிவிடுங்கள். குனோமில் அதன் பெயர் வெறும் 'மானிட்டர்ஸ்'. கணினியை மறுபடி தொடங்கினால் திரை பற்றிச் சொன்னதெல்லாம் மறந்து, புதிதாகக் கேட்கும்.

30. எல்லாம் சரியாக அமைந்த அன்றே இரண்டு படம் எடுத்துவையுங்கள்: ஒன்று டிஸ்ப்ளே பக்கத்தில் பெட்டிகள் நிற்கும் நிலை, இன்னொன்று மேசையில் மானிட்டர்கள் நிற்கும் நிலை. அடிக்கடி இடம் மாற்றுபவர்கள் எக்ஸ்11இல் 'ஏரேண்டர்' நிறுவி, அமைப்பை ஒரு சிறு கோப்பாகச் சேமித்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் வெள்ளையடிக்க மேசையை நகர்த்தித் திரும்பப் போட்டபோது மானிட்டர் வலப்பக்கம் வந்துவிட்டது. கணினி பழைய இடத்தையே நினைத்துக்கொண்டிருந்தது. இந்தத் தடவை நான் வருவதற்குள் மகளே டிஸ்ப்ளே பக்கத்தைத் திறந்து பெட்டியை வலப்பக்கம் இழுத்துவிட்டு, ஒரு விண்டோவை நடுவில் நிறுத்தி மட்டம் பார்த்துக்கொண்டிருந்தாள்.